ஒலிபெருக்கியில் ஒரு மருமகள்

போன வாரம் பிரேக் வாத்தியார் செல்போனைப் பார்த்துக்கொண்டே சோபாவில் உட்காரப் போனதையும், தொட்டிலுக்கு இடம் வேண்டுமென்று அந்த சோபாவை முந்தின நாள்தான் நகர்த்தியிருந்ததையும் சொல்லி நிறுத்தியிருந்தேன். விழுந்தவருக்கு அடி ஒன்றும் பலமில்லை. பலமான அடி செல்போனில்தான் இருந்தது.

'மகப்பேறு உதவித்தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது. பயனாளி பணிக்குத் திரும்பிவிட்டதாகத் தெரியவருகிறது.'

செல்போன் மனைவியுடையது. அந்தப் பயனாளி அப்போது குழந்தை கக்கிய பாலைத் தோளிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தாள். கடைசியாகத் தலை வாரியது எப்போது என்று அவளுக்கே நினைவில்லை.

"நான் எங்கேங்க வேலைக்குப் போனேன்? சமையல்கட்டுக்கும் பாத்ரூமுக்கும் போறதையா சொல்றாங்க?" என்றாள்.

தரையில் உட்கார்ந்தபடியே வாத்தியாரின் வலது கால் தானாக முன்னால் நீண்டு அழுத்தியது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தே பழகிய கால். வீட்டில் பணம் என்ற பேச்சு எழுந்தால் போதும், அந்தக் கால் தரையை மிதிக்கும். 'பிரேக் வாத்தியார்' என்று பெயர் வைத்தவள் மனைவிதான்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் மருமகள் ரயில் நிலைய அறிவிப்பாளர். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று அவள் சொன்னால், சண்டை போட்டுக்கொண்டிருக்கிற தம்பதிகூட ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். பிரசவ விடுப்பில் போவதற்கு முன்னால் ஸ்டேஷன் மாஸ்டர் அவளை ஒரு இயந்திரத்தின் முன் உட்காரவைத்து எல்லா வண்டிகளையும், எல்லா நடைமேடைகளையும், எல்லாத் தாமதங்களையும் பேசவைத்துப் பதிவு செய்துகொண்டார். இப்போது இயந்திரம் பேசுகிறது, அவள் வீட்டில் இருக்கிறாள்.

விடுப்புக் காலத்தில் ரயில் நிலையம் சம்பளம் தராது. அதற்குப் பதில் நலநிதி அலுவலகம் மாதாமாதம் உதவித்தொகை தரும். ஒரே நிபந்தனை, வேலைக்குப் போகக்கூடாது. அந்தத் தொகைதான் வீட்டு வாடகை. வாத்தியாரின் சம்பளம் சாப்பாட்டுக்கும் குழந்தைக்கும். மாமனாரின் ஓய்வூதியம் மாமனாரின் மாத்திரைக்கு.

மூன்று காலில் நிற்கிற முக்காலி. ஒரு கால் போனால் மற்ற இரண்டும் இருந்து என்ன பிரயோசனம்?

செய்தி வந்த அரை மணி நேரத்தில் ஸ்டேஷன் மாஸ்டரே போன் செய்தார். உதவித்தொகை நின்றது அவருக்குத் தெரியாது. அவர் கவலை வேறு.

"அம்மா, உங்க மெஷின் சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது. திங்கக்கிழமை நீங்களே வந்துடுங்களேன். முழுச் சம்பளம். என்ன சொல்றீங்க?"

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தாள். விடுப்பில் இன்னும் மூன்று மாதம் பாக்கி இருக்கிறது. குழந்தை, அதாவது நம் பட்டாணி, நேற்றுதான் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தது. அந்தச் சிரிப்பை வீட்டில் விட்டுவிட்டு மைக்கின் முன்னால் போய் உட்கார அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்த வாரம் பணம் வராவிட்டால் திங்கட்கிழமை போகத்தான் வேண்டும். வீட்டுக்காரம்மா சிரிப்பை வாடகையாக வாங்கிக்கொள்வதில்லை.

"இன்னைக்கே நேர்ல போய்ப் பார்த்துடறேன்" என்றாள்.

"எனக்கு இன்னைக்கு ஒரு பையனுக்கு டெஸ்ட் இருக்கே" என்று வாத்தியார் இழுத்தார்.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்று அடுத்த அறையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. தொட்டிலில் பட்டாணி துள்ளி விழுந்தது.

மாமனார். நீச்சல் குளத்தில் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் தண்ணீருக்குள் இருக்கிற பிள்ளைகளுக்குக் கேட்கவேண்டுமென்று கத்திய குரல். அவர் காதோடு காதாக ஒரு ரகசியம் சொன்னால் எதிர்வீட்டில் தலையை ஆட்டுவார்கள்.

"நான் வர்றேம்மா. எவன் அப்படிச் சொன்னான்னு கேட்டுடலாம்! வாயைக் கிழிச்சுடறேன்!"

கிழிக்கவேண்டிய வாய் எது என்று தெரிந்திருந்தால் அவர் அன்று படுக்கையை விட்டே எழுந்திருக்கமாட்டார்.

* * *

நலநிதி அலுவலகத்தில் வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். வாசலில் டோக்கன் கொடுக்கும் பெட்டி. கூரையிலிருந்து ஒரு சின்ன ஒலிபெருக்கி தொங்கியது. சுவரோரம், தலைக்கு மேல் உயரமான ஒரு விளம்பரப் பலகை. 'குழந்தை வளர்ப்பில் குடும்பத்தின் பங்கு' என்று அதில் எழுதி, பல் தெரியச் சிரிக்கும் ஒரு குடும்பத்தின் படம் போட்டிருந்தார்கள். அந்தக் குடும்பத்தில் யாரும் டோக்கன் எடுத்துவிட்டுக் காத்திருந்ததில்லை என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

மருமகளுக்கு நாற்பத்தேழாம் எண் கிடைத்தது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"டோக்கன் எண் முப்பத்தொன்பது. மூன்றாவது கவுன்டர்" என்றது ஒலிபெருக்கி.

பட்டாணி சட்டென்று தலையைத் திருப்பி மேலே பார்த்தது. பிறகு அம்மாவின் வாயைப் பார்த்தது. மறுபடி மேலே பார்த்தது.

மருமகளும் பார்த்தாள். அந்த 'ஒன்பதில்' மூக்கடைப்பு இருந்தது. யாருடைய மூக்கு என்று அவளுக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஒலிப்பதிவுக் கம்பெனிக்காரன் அவளைக் கூப்பிட்டு, ஜலதோஷத்தோடேயே ஒன்றிலிருந்து ஐநூறு வரை எண்ணச் சொல்லி, கையில் கொஞ்சம் பணமும் கொடுத்து அனுப்பினான். அதை யாருக்கு விற்றான் என்று அவள் கேட்கவுமில்லை, அவன் சொல்லவுமில்லை.

மாமனாருக்கும் புரிந்துவிட்டது. மார்பு விரிந்தது. எழுந்து நின்று, நாற்காலிகளில் இருந்த அத்தனை பேரையும் பார்த்துத் திரும்பினார்.

"இது என் மரு..."

மருமகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "மாமா! நான் வேலை பார்க்கறேன்னுதான் கேஸே. இங்கே வந்து என் குரல்னு பெருமை அடிக்காதீங்க. தயவுசெஞ்சு வாயைத் திறக்காதீங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். பேச முடியாத மனிதர் வேறு என்ன செய்வார்? சுற்றுமுற்றும் பார்த்தார். முதல் கவுன்டரைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதைப் பார்த்தார்.

மூன்றாவது கவுன்டரில், மேஜையின் ஓரத்தில், பச்சை நிற பிளாஸ்க் ஒன்று இருந்தது. அதன் பின்னால் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி இருந்தார்.

மாமனார் அவசரமாக எழுந்தார். "இதோ வந்துடறேம்மா" என்று முணுமுணுத்துவிட்டு (ஆறு பேர் திரும்பிப் பார்த்தார்கள்) விளம்பரப் பலகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இரண்டையும் சொல்வது அதே பெரியவர்கள்தான். நம் மாமனார் முதலாவதை மட்டும் நம்பி வாழ்ந்தவர்.

நடந்தது இதுதான். தினமும் சாயங்காலம் மாமனார் நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புவார். நேராக ரயில் நிலையத்துக்குப் போய் முதல் நடைமேடை பெஞ்சில் உட்காருவார். ஒலிபெருக்கி பேசும்போது பக்கத்தில் இருப்பவரிடம், "கேட்டீங்களா? என் மருமகள்!" என்பார். இது யாருக்கும் கெடுதல் இல்லாத பெருமை.

அந்த பெஞ்சுக்கு ஒருநாள் பச்சை பிளாஸ்க்கோடு ஒருவர் வந்து சேர்ந்தார். அவருக்கும் ஒரு மருமகள் இருந்தாள். "எங்க மருமகள் குழந்தை பிறந்த கையோட கம்பெனிக்குப் போயிட்டாங்க. அவ்வளவு பொறுப்பு" என்றார் அவர்.

மாமனாரால் பொறுக்க முடியவில்லை. என் மருமகள் வீட்டில் இருக்கிறாள், பேசுவது இயந்திரம் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த உண்மை அப்போது அவருக்குக் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது.

"என் மருமகளும்தான்! இதோ பேசறாளே! பச்சைக் குழந்தையை என் கையில கொடுத்துட்டு வேலைக்கு வந்துட்டா. பால் கொடுக்கறது, குளிப்பாட்டறது, தூங்க வைக்கறது எல்லாம் நான்தான்!"

பிளாஸ்க்காரர் எங்கே வேலை பார்க்கிறார் என்று மாமனார் கேட்டதே இல்லை. தான் பேசவே நேரம் போதாதபோது அடுத்தவரைக் கேட்பது எப்படி?

* * *

"டோக்கன் எண் நாற்பத்தேழு. மூன்றாவது கவுன்டர்."

தன் குரலே தன்னைக் கூப்பிட, மருமகள் குழந்தையோடு எழுந்து போனாள்.

அதிகாரி மரியாதையானவர். உட்காரச் சொன்னார், குழந்தையைப் பார்த்துச் சிரித்தார், கணினியைப் பார்த்ததும் சிரிப்பை எடுத்துவிட்டார்.

"அம்மா, நீங்க வேலைக்குப் போறீங்க. அதைத் தப்புன்னு சொல்லல. ஆனா ரெண்டு பக்கமும் வாங்கக்கூடாதில்லையா?"

"நான் வேலைக்கே போகல சார்."

"நான் காதால கேட்டேனே. நேத்து சாயங்காலம்கூட என் வண்டி பதினஞ்சு நிமிஷம் தாமதம்னு சொன்னீங்க. வருந்துகிறோம்னு சொன்னீங்க. மனசார வருந்தின மாதிரிதான் இருந்தது."

"அது போன வருஷம் வருந்தினது சார். ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்காங்க."

அதிகாரி தலையை ஆட்டினார். நம்பினதற்கான ஆட்டல் இல்லை அது.

"அம்மா, ஒலிபெருக்கியைக் கேட்டு மட்டும் நான் எழுதல. உங்க வீட்டுப் பெரியவரே என்கிட்ட சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டு மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்தது. ஆனா இந்த ஊர் ரயில் நிலையத்துல மகப்பேறு விடுப்புல இருக்கற அறிவிப்பாளர் நீங்க ஒருத்தர்தான். ஃபைல் என் மேஜையில இருக்கு. தெரிஞ்சும் தெரியாத மாதிரி நான் எப்படி இருக்கறது?"

"எங்க வீட்டுப் பெரியவரா? என்ன சொன்னார்?"

"குழந்தைக்குப் பால் கொடுக்கறதுலேருந்து தூங்க வைக்கறவரைக்கும் அவர்தான்னு."

"எங்க மாமாவா? அவர் இவளைத் தூக்கினதே இல்லையே சார்!"

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மாமனாரின் நாற்காலி காலியாக இருந்தது. விளம்பரப் பலகையின் கீழே, சிரிக்கும் குடும்பத்தின் கால்களோடு கூடுதலாக இரண்டு கால்கள் தெரிந்தன. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். அந்தக் கால்களில் இருந்தது போன மாதம் அவளே வாங்கிக்கொடுத்த செருப்பு.

"மாமா" என்றாள். கத்தவில்லை. அதனால்தான் அவர் உடனே வெளியே வந்தார்.

திருதிருவென்று விழித்தபடி கவுன்டர் முன்னால் வந்து நின்றார். பிளாஸ்க்காரரைப் பார்த்தார். மருமகளைப் பார்க்கவில்லை.

"நான் சொன்னது பொய்" என்று மெதுவாகச் சொன்னார். வரிசையில் கடைசியில் இருந்தவர்வரை எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "மருமகள் வீட்லதான் இருக்கா. குழந்தையை அவதான் பார்த்துக்கறா. நான் பெருமைக்குச் சொன்னேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. பெஞ்சுல சொன்னது பொய்யா, மருமகளைக் காப்பாத்த இப்ப சொல்றது பொய்யா? எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்விதான். பிறகு அதிகாரியே, "குழந்தையைக் கொஞ்சம் வாங்குங்க, பார்ப்போம்" என்றார்.

மாமனார் கைகளை நீட்டினார். மருமகள் குழந்தையை வைத்தாள். நீச்சல் தெரியாத பிள்ளையைத் தண்ணீர் மட்டத்தில் மிதக்கவிடுகிற மாதிரி, இரண்டு கைகளையும் விறைப்பாக நீட்டிக் குழந்தையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். பட்டாணி ஒரு கணம் அவர் மீசையைப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்தது.

பட்டாணிக்குக் குரல்வளம் யாரிடமிருந்து வந்தது என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. காகிதங்கள் பறக்கவில்லையே தவிர மற்றதெல்லாம் நடந்தது. முதல் கவுன்டரில் இருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார். பதறி எழுந்த அதிகாரியின் முழங்கை டோக்கன் பொத்தானில் பட்டது. "உலுக்காதீங்க!" "உலுக்கலம்மா, என் கை நடுங்குது!"

"டோக்கன் எண் நாற்பத்தெட்டு. மூன்றாவது கவுன்டர்."

அழுகை நின்றது. குழாயை மூடியது போல நின்றது. கண்ணீர் வழியும் முகத்தோடு பட்டாணி ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தது. பார்த்து, பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

அதிகாரி குழந்தையைப் பார்த்தார். குழந்தை பார்க்கும் இடத்தைப் பார்த்தார்.

"அதுவும் நான்தான் சார்" என்றாள் மருமகள்.

"எது?"

அவள் தொண்டையைச் செருமினாள். மூக்கை லேசாக அடைத்துக்கொண்டாள். "டோக்கன் எண் நாற்பத்தெட்டு. மூன்றாவது கவுன்டர்."

அட்சரம் பிசகவில்லை. பட்டாணி தலையை மேலிருந்து அம்மா பக்கம் வெடுக்கென்று திருப்பியது. நாற்பத்தெட்டாம் எண் வைத்திருந்த அம்மாள், "ஒருதடவை கூப்பிட்டா போதாதா, வந்துக்கிட்டுதானே இருக்கேன்!" என்று சிடுசிடுத்தபடி வந்து நின்றார்.

"இப்ப சொல்லுங்க சார். குரல் கேட்டா வேலைன்னா, நான் உங்க ஆபீஸ்லயும் வேலை பார்க்கறேன். இந்த மாசச் சம்பளத்தை எந்தக் கவுன்டர்ல வாங்கிக்கறது?"

நாற்காலி வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை அவர் ஒளிக்கவில்லை.

"எனக்குப் புரிஞ்சுடுச்சும்மா. ஆனா ஃபைலுக்குப் புரியணுமே. ஸ்டேஷன்ல பேசறது பதிவு செய்த குரல்தான்னு ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. இன்னைக்குள்ள வந்தா நாளைக்குப் பணம். நாளைக்கு இந்த ஃபைல் தலைமை அலுவலகம் போயிடும். போனா, குழந்தை நடக்கற வயசுலதான் திரும்பி வரும்."

"ஆபீஸ் மூடற நேரம் ஆச்சே சார்?"

"சாயங்காலம் நான் எங்கே இருப்பேன்னு உங்க மாமனாருக்குத் தெரியும்" என்றார் அதிகாரி.

* * *

ரயில் நிலையம்வரை இருவரும் நடந்தே போனார்கள். மருமகளுக்குக் கோபம். சும்மா கோபமில்லை, அழுகை வருகிற கோபம்.

"ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?"

"அவர் மருமகள் கம்பெனிக்குப் போறான்னு சொன்னாரும்மா. என் மருமகள் வீட்ல இருக்கான்னு சொல்ல..."

"வெக்கமா இருந்ததா?"

அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"நான் வீட்ல சும்மாவா இருக்கேன்? ராத்திரி எது பகல் எதுன்னு தெரியாம இருக்கேன். உக்காந்து ஒருவேளை முழுசாச் சாப்பிட்டது ஞாபகம் இல்ல. அது உங்களுக்குச் சொல்லிக்கற மாதிரி ஒரு விஷயமாத் தெரியலையா?"

"தப்புத்தாம்மா" என்றார். அவர் வாழ்க்கையில் முதல்தடவையாக, பக்கத்தில் நடப்பவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

கொஞ்ச தூரம் போனதும் அவரே தொடர்ந்தார். "நான் குழந்தையைப் பார்த்துக்கறதாச் சொன்னேனே, அது வேணும்னு அளந்ததில்ல. சொல்லும்போதே நல்லா இருந்தது."

"அதை நிஜமாவே செஞ்சிருக்கலாமே. யார் தடுத்தா?"

"பயமா இருக்கும்மா. தண்ணில விழுந்தா குதிச்சு எடுத்துடுவேன். தரையில விழுந்தா நான் என்ன பண்றது?"

கோபத்தின் நடுவிலும் மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை அவள் அவருக்குக் காட்டவில்லை. இப்போதைக்குக் காட்டுவதாகவும் இல்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் அவளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார். "வாங்க, வாங்க! திங்கக்கிழமை வரைக்கும்கூடப் பொறுக்க முடியலையா?"

விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் தொங்கிப்போனது. கடிதம் கொடுத்தால் உதவித்தொகை வரும். உதவித்தொகை வந்தால் இவள் வரமாட்டாள். இந்தக் கணக்கைப் போட ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கால்குலேட்டர் தேவைப்படவில்லை.

"கடிதம்தானே? கொடுத்தாப் போச்சு. திங்கக்கிழமை வரும்போது ஞாபகப்படுத்துங்க, பார்க்கலாம்."

அவள் வாயைத் திறப்பதற்குள் அறைக்கு வெளியே ஒலிபெருக்கி முந்திக்கொண்டது.

"பயணிகளின் கனிவான... கனிவான... கனிவான... வருந்துகிறோம். வருந்துகிறோம். வருந்து..." அதோடு அடங்கிவிட்டது.

ஸ்டேஷன் மாஸ்டர் தலையில் கை வைத்தார். "போச்சு! வண்டி மூணாவது பிளாட்பாரத்துக்கு வருது. ஜனம் பூரா ஒண்ணாவதுல நிக்குது!" என்றவர், சட்டென்று மேஜையிலிருந்த மைக்கை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். "ஒரே ஒரு தடவை. நான் பேசினா யாரும் நகர மாட்டாங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

பழக்கதோஷம், அவள் கை மைக்கை நோக்கிப் போய்விட்டது.

ஜன்னல் வழியாக முதல் நடைமேடை தெரிந்தது. பெட்டியும் மூட்டையுமாகக் கூட்டம். பெஞ்சில், தன் வண்டிக்கு இன்னும் நேரமிருப்பதால், பச்சை பிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தார் அதிகாரி. அவள் இப்போது ஒரு வார்த்தை பேசினால் அது வேலை. பதிவு செய்த குரல் இல்லை, சொந்தக் குரல், சொந்த மைக். பேசாவிட்டால் இவ்வளவு ஜனமும் வண்டியைத் தவறவிட்டுவிட்டு நிற்கும்.

தோளில் பட்டாணி தூங்கிக்கொண்டிருந்தது. அவள் கை அந்தரத்தில் நின்றது.

மாமனார் அவளைப் பார்த்தார். மைக்கைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். நேராகப் பிளாஸ்க்காரர் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மேல் ஏறி நின்றார். மூச்சை இழுத்து மார்பில் நிரப்பினார்.

"எல்லாரும் கேளுங்க! வண்டி இங்கே வரல! மூணாவது பிளாட்பாரம்! மூணாவது!"

பிளாஸ்க்காரரின் டீ பாதி அவர் சட்டையிலேயே போய்விட்டது. கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் திரும்பியது.

"படியில பெரியவங்களுக்கு வழி விடுங்க! ஓடாதீங்க, நடங்க! ஏய் நீலச் சட்டை, ஓடாதேன்னு சொன்னேன்ல! அந்தம்மா பையைத் தூக்கிக் கொடு!"

நீலச் சட்டை ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பையைத் தூக்கினான். பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் போவதுபோல ஜனம் பாலத்தில் ஏறி, இறங்கி, மூன்றாவது நடைமேடைக்குப் போய்ச் சேர்ந்தது. வண்டி வந்தது. ஒருவரும் விடுபடவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் வாயைப் பிளந்தபடி நின்றார். மருமகள் மைக்கை மெதுவாக அவர் பக்கமே நகர்த்தினாள்.

"அடுத்த வண்டி எப்போ சார்?"

"இருபது நிமிஷத்துல. அதுவும் பிளாட்பாரம் மாறித்தான் வருது."

"மெஷின்?"

"சரி பண்ற ஆள் நாளைக்குத்தான் வருவான்."

"மாமா பெஞ்சுலேருந்து இறங்கிட்டார் பாருங்க. நாங்க வீட்டுக்குக் கிளம்பணும். கடிதம் கையில இருந்தா இன்னொரு தடவை ஏறச் சொல்லிப் பார்க்கறேன்."

ஸ்டேஷன் மாஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கடிதம் இரண்டு நிமிஷத்தில் கையெழுத்தும் முத்திரையுமாக வந்தது.

நடைமேடையில் டீ ஈரத்தோடு நின்ற அதிகாரி, கடிதத்தை ஒருமுறைக்கு இருமுறை படித்து மடித்துப் பையில் வைத்தார். "நாளைக்குக் காலையில முதல் வேலை இதுதான்மா. விடுப்பு முடியறவரைக்கும் நிம்மதியா இருங்க."

மருமகள் குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மூன்று மாதமும் அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. கண் கலங்கினதை யாரும் பார்க்காமல் குழந்தையின் தொப்பியிலேயே துடைத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் சுபம் போட்டிருக்கலாம். பின்னாலேயே ஓடிவந்த ஸ்டேஷன் மாஸ்டர் விடவில்லை.

"ஐயா! மருமகள் திரும்பி வர்றவரைக்கும் நீங்க வந்துடுங்களேன். மெஷினும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். சம்பளம் போட்டுத் தர்றேன்!"

மாமனாரின் முகத்தில் நீச்சல் குளத்து வெளிச்சம் வந்தது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து யாரும் அவர் குரலைக் கேட்டு வாங்கியதில்லை, குறைக்கத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

பிளாஸ்க்கை மூடிக்கொண்டிருந்த அதிகாரியின் கை நின்றது. "ஐயா ஓய்வூதியம் வாங்கறவர்தானே?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். "வேலையில சேர்ந்தா அது நின்னுடும். வந்து எழுதிக் கொடுத்துடுங்க. எங்க ஆபீஸ்லதான், ரெண்டாவது கவுன்டர்."

மாமனார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மருமகள் முன்னால் வந்து பட்டாணியை அவர் கைகளில் வைத்தாள்.

"முதல்ல இவளைப் பிடிங்க மாமா. அந்தரத்துல இல்ல, நெஞ்சோட. அப்புறம் பதில் சொல்லுங்க."

அவர் முழங்கையை மடக்கிக் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். பட்டாணி கண் விழித்து அந்த மீசையைப் பார்த்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். அது அழவில்லை. கையை நீட்டி மீசையைப் பிடித்துக்கொண்டது.

ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு பக்கம், பிளாஸ்க்காரர் ஒரு பக்கம், நடுவில் மாமனார். கத்துகிற வேலையா, மாத்திரை வாங்கித்தரும் ஓய்வூதியமா என்று யோசித்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று. இன்னொரு நிமிஷம் ஆயிற்று.

மாமனார் கத்தினால் மருமகளுக்குப் பயமில்லை, பழகிவிட்டது. அவர் யோசித்து இதுவரை அவள் பார்த்ததில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.